மூன்றாம் கூண்டுக்குப் போட்ட பலாக்கொட்டை

பாவாயி எலிகளுக்குச் சோறு வைக்கும் வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டபோது மலைமேல் பெரக்கரை நாட்டில் எல்லாரும் சிரித்தார்கள். சாமைக் கதிரைக் கடித்துப் போடும் எலியைப் பொறி வைத்துப் பிடிக்கிற ஊரில், நேரம் தவறாமல் எலிக்கு ஆக்கிப் போட ஓர் ஆள் வேண்டும் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? பாவாயியும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் வேலையை விடவில்லை. அவள் புருஷன் மலைக்காய்ச்சலில் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. தங்கை பெருமாயியின் வீட்டை ஒட்டி ஒரு குடிசை, பின்னால் இரண்டு பலாமரம், கொஞ்சம் சாமைக் காடு, இவ்வளவுதான் அவளுக்கு இருந்தது.

வேலை கொடுத்தவர் டாக்டர் அர்த்தனாரி. திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். மலைக்காய்ச்சலுக்கு மருந்து கொடுக்க மேலே வந்தவர், குளிரும் காடும் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய ஓட்டு வீட்டில் முன்னறையில் மருந்து, பின்னறையில் எலிகள். கம்பி வலை அடித்த மூன்று பெரிய கூண்டுகளில், கூண்டுக்கு ஆறாகப் பதினெட்டு வெள்ளை எலிக்குட்டிகள். நீலகிரி ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ரயிலில் வந்து, அடிவாரத்துப் பேளுக்குறிச்சியிலிருந்து வெள்ளையனின் தலைச்சுமையில் மலையேறியவை. வெள்ளையன்தான் வாரம் ஒருமுறை சந்தைக்கு இறங்கிப்போய் ஊருக்கு வேண்டியதைச் சுமந்து வருகிறவன். ஊர்க் கஞ்சித் தொட்டியில் கஞ்சி காய்ச்சுகிறவனும் அவனே.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. பர்மா அரிசி நின்று போனதற்கு மறுவருஷம். மலையிலும் இரண்டு போகம் சாமை சரியாக விளையவில்லை. சிறுபிள்ளைகளுக்காவது ஒரு வேளை கஞ்சி ஊற்றலாம் என்று கீழே கமிட்டி போட்டு, கேழ்வரகு மாவும் வெல்லமும் அனுப்பினார்கள். பிள்ளைக்கு ஒரு கரண்டி கஞ்சி, அதில் எலுமிச்சங்காய் அளவு வெல்லம். பிறகு வெல்லத்துக்கும் தட்டுப்பாடு வந்தது. வெல்லத்துக்குப் பதில் சாக்கரின் என்கிற இனிப்புப் பொடி போடலாமா என்று கமிட்டி டாக்டரைக் கேட்டது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் எலிகள் வந்தன.

முதல் நாளே டாக்டர் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார்.

"மூணு கூண்டுக்கும் ஒரே அளவு கேவுரு மாவு. முதல் கூண்டுல வெல்லம் கலக்கணும். ரெண்டாவதுல நம்ம மலைத்தேன். மூணாவதுல இந்தப் பொடி."

வெள்ளையாக உப்பைப் போல் இருந்த பொடியை ஊசிமுனையில் தொட்டு அவள் உள்ளங்கையில் வைத்தார். பாவாயி நாக்கில் வைத்துப் பார்த்தாள். இனித்தது. இனித்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் குடித்த பிறகும் தொண்டையில் கொஞ்சம் கசப்போடு தங்கியது.

"இது எந்த மரத்துப் பொருளுங்க?"

"மரமும் இல்லை, செடியும் இல்லை. நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கறாங்க. இனிப்பு மட்டும்தான் இருக்கு. உடம்புக்கு இதனால கெடுதி உண்டா, வெல்லத்தை நிறுத்திட்டு இதைப் போட்டாலும் குட்டிக வளருமா, அதைத்தான் பாக்கப்போறோம். பன்னிரண்டு வாரம். நான் சொன்னதுக்கு மேல ஒரு பருக்கை போடக்கூடாது, பாவாயி. போட்டா எல்லாம் வீண்."

"சரிங்க" என்றாள். அந்தச் சொல்லைச் சொன்னபோது அவளுக்கு மனதில் எந்தக் கள்ளமும் இல்லை.

சித்திரையில் தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமை காலைதோறும் டாக்டர் மருந்துத் தராசில் ஒவ்வொரு எலியாக வைத்து எடை பார்த்து எழுதுவார். முதல் இரண்டு வாரம் எல்லாக் குட்டிகளும் ஒன்றுபோல வளர்ந்தன. மூன்றாவது வாரத்திலிருந்து வித்தியாசம் தெரிந்தது. வெல்லம் தின்றவையும் தேன் தின்றவையும் வயிறு நிறைந்தால் ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கின. மூன்றாம் கூண்டுக் குட்டிகள் தூங்கவில்லை. மாவை வைத்ததும் மற்ற எதையும்விட ஆசையாகப் பாய்ந்து தின்றன. தின்று முடித்துத் தட்டை நக்கின. நக்கிய தட்டைப் புரட்டிப் போட்டு அடியில் தேடின. ஐந்தாவது வாரத்தில் அவற்றின் மயிர் பளபளப்பு இழந்து சிலும்பி நின்றது. அவள் கூண்டருகே போனால் ஆறும் வலையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றன.

அந்த வெள்ளிக்கிழமை டாக்டர் எடையைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். வேறு யாராயிருந்தாலும், தேடிய விடை கிடைத்துவிட்டது என்று அப்போதே நினைத்திருப்பார்கள். அவர் எதையும் இருமுறை சோதிக்கிற ஆள்.

"இதுகளுக்கும் அளவு தவறாமத்தான் வைக்கறயா? கைமறதி ஒண்ணும் இல்லியே?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் பாவாயி பயந்தாள். தான் திருடித் தின்பதாக நினைத்துவிட்டாரோ? இந்த வேலையும் போனால் அடுத்த அறுப்பு வரைக்கும் என்ன செய்வது?

"தவறாமத்தான் வைக்கறனுங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் தன் வீட்டில் பலாக்கொட்டை வேகவைத்துத் தின்றபோது ஆறு கொட்டைகளை மடியில் முடிந்துகொண்டாள். எலி அறைக்குத் திரும்பி வந்து, தோலுரித்து, நசுக்கி, மூன்றாம் கூண்டுக்குள் போட்டாள். குட்டிகள் முன்கைகளில் பிடித்து உட்கார்ந்து தின்றன. தின்றுவிட்டு, மற்ற கூண்டுகளில் இருந்தவற்றைப் போலவே ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கின. அதைப் பார்த்தபோது அவளுக்கு உண்டான நிம்மதியைச் சொல்லி முடியாது. பலாக்கொட்டைத் தோலைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாளும் போட்டாள். அதற்கு மறுநாளும் போட்டாள். ஆடி வரைக்கும் பலா இருந்தது.

அடுத்த ஏழு வாரத்தில் மூன்றாம் கூண்டும் முதல் கூண்டும் எடையில் ஒன்றாகிவிட்டன. டாக்டர் சந்தோஷத்தில் பாவாயியையே கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியா? ஆரம்பத்துல கொஞ்சம் மெலிஞ்சுது. அப்புறம் உடம்பு பழகிக்கிச்சு. வயித்தைத் தொட்டுப் பாத்தா வீக்கம் இல்லை, மூத்திரம் நல்லாயிருக்கு, எடையும் வந்தாச்சு. வெல்லத்துக்குப் பதில் தாராளமாப் போடலாம்."

பாவாயி தலையாட்டினாள். வாயைத் திறப்பதென்றால் அப்போதே திறந்திருக்கலாம். எலிதானே, எடை கூடினால் என்ன குறைந்தால் என்ன என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். எலியிலிருந்து பிள்ளைகளின் தட்டுக்கு வழி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. முதல் நாளே அவர் சொல்லியிருந்தார். தெரிந்ததை அவள் நினைக்காமல் இருந்தாள், அவ்வளவுதான்.

ஆவணியில் கஞ்சித் தொட்டிக்கு வெல்லம் வருவது நின்றது. ஒரு சின்னக் கண்ணாடிச் சீசாவில் சாக்கரின் வந்தது. வெள்ளையன் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆச்சரியப்பட்டான்.

"ஏனுங்கக்கா, ஒரு மூட்டை வெல்லத்தைச் சுமந்து வந்து என் கழுத்தெல்லாம் காச்சுப்போச்சு. இப்ப மடியில முடிஞ்சு கொண்டாந்துட்டனுங்க."

பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். முன்னைவிட இனிப்பான கஞ்சி. பெருமாயியின் மகள் கண்ணாயிக்கு நான்கு வயது. அவள் மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் ஓடிப்போய்த் தட்டை நீட்டுவாள். குடித்துவிட்டுப் பெரியம்மாவிடம் வந்து நாக்கை நீட்டிக் காட்டுவாள். "இன்னும் இனிக்குது பெரீம்மா" என்பாள்.

புரட்டாசி நடுவில் ஒரு நாள் பாவாயி கஞ்சித் தொட்டிப் பக்கம் போனாள். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். குடித்து முடித்தவர்கள் எழுந்து ஓடவில்லை. விரலால் தட்டை வழித்தார்கள்; நக்கினார்கள்; பக்கத்துத் தட்டைப் பார்த்தார்கள். கண்ணாயி காலித் தட்டைத் தூக்கிப் பிடித்து அடிப்பக்கத்தையும் நக்கினாள். அவள் கை குச்சியாக இருந்தது. தலைமயிர் செம்பட்டையாகி வறண்டு கிடந்தது.

இதைப் பாவாயி முன்பே பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு அசைவையும் பார்த்திருக்கிறாள்.

அன்றே சொல்லிவிடுவது என்று டாக்டர் வீட்டுக்குப் போனாள். அவர் ஒரு கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"வா பாவாயி. பக்கத்துல பைல் நாட்டுக் கஞ்சித் தொட்டியிலயும் சாக்கரின் போடப்போறாங்களாம். நம்ம எலிக் கணக்கைப் பாத்துட்டு எழுதியிருக்காங்க. இதுல உன் பங்கும் இருக்கு."

பாவாயி நின்றாள். "கூண்டைக் கழுவிட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய், கழுவிய கூண்டையே மறுபடியும் கழுவினாள்.

அதற்குப் பிறகு அவள் தன் சாப்பாட்டில் பாதியைக் கண்ணாயிக்குக் கொடுத்தாள். எலிக்குச் செய்த அதே வேலையைத்தான் செய்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. எலி ஆறு, ஆறு கொட்டை போதும். ஊரில் நாற்பது பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு மறைவாக ஊட்டிவிட்டு மற்ற முப்பத்தொன்பது பிள்ளைகளைக் கடந்து நடந்து வருவது அவளுக்கு நாளுக்கு நாள் கனத்தது. ஆனாலும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு மாதம் போயிற்று.

ஐப்பசி மழையோடு காய்ச்சல் வந்தது. வருஷா வருஷம் வருகிற காய்ச்சல்தான். அந்த வருஷம் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. டாக்டர் கொய்னா மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக நடந்தார். ஊரில் மூன்று பிள்ளைகள் போனார்கள். கார்த்திகை பிறந்து நான்காம் நாள், மதியத்தில், கண்ணாயியும் தன் அம்மாவின் மடியில் போனாள். தண்ணீர் கேட்டாள், பெருமாயி செம்பை எடுக்கத் திரும்பினாள், திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது.

பதினோரு நாள் கழித்துத்தான் பாவாயி டாக்டரிடம் போனாள். அவர் மேசையருகில் உட்கார்ந்து, கைகளால் முகத்தைத் தாங்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, மூணாங்கூண்டு எலி தேறுனது அந்தப் பொடியில இல்லீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நாந்தான் பலாக்கொட்டை போட்டனுங்க."

"எத்தனை நாள்?"

"ஏழு வாரமுங்க. தெனமும் சாயங்காலம்."

வெளியே மழை ஓட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது. டாக்டர் எடை எழுதிய நோட்டைத் திறந்து அந்த ஏழு வாரத்தையும் பார்த்தார். பிறகு, "ஏன்?" என்றார்.

"பசிச்சு நின்னுதுங்க. பாவமா இருந்துச்சு." சொல்லிவிட்டு அவளுக்கே அது போதவில்லை. பாதி உண்மையைச் சொல்லிவிட்டு நல்லவள் பேர் வாங்குவதற்காகவா வந்தோம் என்று தோன்றியது. "அது மட்டும் இல்லீங்க. ஒழுங்கா வைக்கறயான்னு என்னைக் கேட்டீங்க. திருடறேன்னு நெனச்சு வேலையை விட்டு நிறுத்திப்போடுவீங்கன்னு பயந்துட்டனுங்க. பொறவு பிள்ளைக மெலியறதையும் பாத்தேன். பாத்தும் ரெண்டு மாசம் சும்மா இருந்தனுங்க."

அர்த்தனாரி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு நாள் சாயங்காலம் அந்த அறையில நான் வந்து உட்கார்ந்திருந்தா ஒரு கொட்டைத் தோலாவது என் கண்ணுல பட்டிருக்கும்" என்றார். "அஞ்சாவது வாரம் கணக்கு சரியாத்தான் சொல்லுச்சு. எனக்கு அது பிடிக்கலை. பொறவு வந்த கணக்கு பிடிச்சிருந்தது. பிடிச்சதை நம்பிட்டேன்."

"கண்ணாயி அதனாலதான் போனாளாங்க?"

"எனக்குத் தெரியாது."

"நீங்க டாக்டருங்க. உங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

"நல்லாச் சாப்பிட்ட பிள்ளையும் இந்தக் காய்ச்சல்ல போயிருக்கு. தெம்பு இருந்திருந்தா தாங்கியிருக்கலாம். தாங்காமயும் போயிருக்கலாம். அந்தப் பொடி விஷம் இல்லை, பாவாயி. அதுல ஒண்ணுமே இல்லை. பிள்ளைகளுக்குப் போக வேண்டியதை எடுத்துட்டு, அந்த இடத்துல நாம ஒண்ணுமில்லாததை வச்சோம். அதுக்கு மேல நான் என்ன சொன்னாலும் அது உன்னை ஆத்தறதுக்குச் சொன்னதா இருக்கும், இல்லாட்டி உன்னைக் கொல்றதுக்குச் சொன்னதா இருக்கும்."

ஆம் என்று சொல்லியிருந்தால் அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பாள். இல்லை என்று சொல்லியிருந்தால் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பாள். இரண்டும் இல்லாமல் அவள் நெடுநேரம் அங்கேயே நின்றாள்.

அன்றே டாக்டர் வெள்ளையனைக் கூப்பிட்டுச் சீசாவை வாங்கி அலமாரியில் பூட்டினார். வெல்லம் வரும்வரை வீட்டுக்கு வீடு மலைவாழைப்பழம் கேட்டு வாங்கிக் கஞ்சியில் பிசைந்து போடச் சொன்னார். பைல் நாட்டுக்குத் தானே நடந்துபோய் நிறுத்திவிட்டு வந்தார். கமிட்டிக்கு எழுதினார். பதில் வந்தது: முதலில் சரி என்றீர்கள், இப்போது இல்லை என்கிறீர்கள், எதை நம்புவது, மறுபடியும் கணக்கு வேண்டும்.

"எலிக் கணக்கைத் திரும்பவும் செய்யணும்" என்று பாவாயியிடம் சொன்னார். "வெள்ளையனை வைக்கச் சொல்றேன். நீ வேண்டாம்."

"நானே வைக்கறனுங்க."

"உன்னால முடியாது, பாவாயி."

"நானே வைக்கறனுங்க. நீங்க வேணும்னா பக்கத்துல உக்காந்துக்கங்க."

அவர் உண்மையிலேயே வந்து உட்கார்ந்தார். நாள் தவறாமல் சாயங்காலம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்த அறையில் இருந்தார். புதிதாகப் பதினெட்டுக் குட்டிகள் வந்தன. பாவாயி மாவை நிறுத்தாள், கலந்தாள், வைத்தாள். மூன்றாம் கூண்டுக் குட்டிகள் தட்டை நக்கின. தட்டைப் புரட்டின. வலையைப் பிடித்து நின்றன. அவள் கையில் ஒன்றும் இல்லாமல் எதிரே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. திருப்பிக்கொள்ளத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தாள். எட்டாவது வாரத்தில் ஒரு குட்டி செத்தது. அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வந்து, மற்றவற்றுக்கு மாவை நிறுத்து வைத்தாள்.

பன்னிரண்டு வாரம் முடிந்தபோது மூன்றாம் கூண்டு எடையில் மற்ற இரண்டுக்கும் முக்கால் பங்குகூட இல்லை. அந்தக் கணக்கு கீழே போயிற்று. பங்குனிக் கடைசியில் வெள்ளையன் மறுபடியும் வெல்ல மூட்டையைச் சுமந்துகொண்டு ஏறி வந்தான். கழுத்துக் காய்ப்பைப் பற்றி இந்த முறை அவன் ஒன்றும் சொல்லவில்லை.

ஊருக்குக் காரணம் தெரியாது. பொடி ஒத்துவரவில்லை, டாக்டர் நிறுத்திவிட்டார் என்று மட்டும் தெரியும். பாவாயி அப்படியே விட்டிருக்கலாம். டாக்டரும் அப்படித்தான் சொன்னார்: "எங்கிட்டச் சொல்லிட்டே. போதும். உன் தங்கச்சிகிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது?" ஆனால் பெருமாயி தினமும் வேலி வழியாகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா, சாமை இடிச்சு வச்சிருக்கேன், வந்து எடுத்துக்க. அக்கா, சந்தைக்குப் போறேன், என்ன வேணும். கண்ணாயிக்குக் கடைசி மாசத்தில் அக்காதான் தன் சோற்றைக் கொடுத்துக் காப்பாற்றப் பார்த்தாள் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அதுதான் பாவாயிக்குப் பொறுக்க முடியவில்லை.

ஒரு நாள் காலையில் பெருமாயி களத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். பாவாயி எதிரே போய் உட்கார்ந்தாள். சித்திரையிலிருந்து கார்த்திகை வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னாள். பெருமாயி முறத்தை நிறுத்தவில்லை. பாதியில்தான் அது நின்றது. தவிடு காற்றில் போய்க்கொண்டிருந்தது.

சொல்லி முடித்தபிறகு பெருமாயி கேட்டாள்:

"அந்த எலியெல்லாம் பொழச்சுதாக்கா?"

"பொழச்சுது."

"ஆறுமா?"

"ஆறும் பொழச்சுது."

பெருமாயி முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து, சேலையில் ஒட்டிய உமியைத் தட்டிவிட்டு வீட்டுக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. ஆனால் வெளியே வரவும் இல்லை. பாவாயி வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்துவிட்டு, மீதிக் கேழ்வரகைத் தானே புடைத்துக் கூடையில் கொட்டி வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு வேலி வழியாகக் குரல் வரவில்லை. பாவாயி டாக்டரிடம் சொல்லிவிட்டு எலி வேலையிலிருந்து நின்றாள். கஞ்சித் தொட்டியில் வெள்ளையனோடு சேர்ந்து கஞ்சி ஊற்றினாள். வெல்லத்தைத் தன் கையாலேயே நிறுத்துப் போட்டாள்.

மறுவருஷம் தைமாதம் பெருமாயிக்கு ஒரு மகன் பிறந்தான். பேர் வைக்கிற அன்று வெள்ளையனிடம் சொல்லியனுப்பியிருந்தாள்: "அக்காளையும் வரச் சொல்லு." பாவாயி போனாள். பந்தியில் எல்லாருக்கும் போட்டதுபோலவே அவளுக்கும் இலை போட்டார்கள். பெருமாயியே வந்து பரிமாறினாள். "இன்னுங் கொஞ்சம் போட்டுக்க" என்றாள். பாவாயி போட்டுக்கொண்டாள்.

குழந்தை வந்தவர்களின் மடியெல்லாம் சுற்றியது. அவள் மடிக்கு வரவில்லை. அவளும் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு, "வாரேன் பெருமாயி" என்றாள்.

"சரிக்கா" என்றாள் பெருமாயி.